வாட்டில் மாப்பிள்ளையும் கொண்டைக்குருவியும்

உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் மரம், பறவை என்று இரண்டாகப் பிரித்துவிட்ட ஒரே மனிதர் எங்கள் தோட்டத்து விறகு மாமாதான். தேயிலை காயவைக்கும் ஸ்டோரின் அடுப்புக்கு வாட்டில் மரம் வெட்டுவது அவர் வேலை. யாரும் கேட்க வேண்டியதில்லை, பார்த்ததும் சொல்லிவிடுவார்.

ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக்கொண்டிருந்த மேலதிகாரி கண்டாக்கையாவிடமே சொன்னார்:

"நீங்க காக்காங்கய்யா."

"என்னய்யா சொன்ன?"

"நல்ல பறவைங்க. விடியுமுன்ன ஊரையே எழுப்புதுல்ல?"

அதற்குத் தண்டனையாக மாமா ஒரு வாரம் கான் வெட்ட, அதாவது மலைச்சரிவு வடிகாலைத் தோண்ட, போனார். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, "காக்காதான். கொத்திருச்சு பாரு" என்றார்.

"அப்ப நீங்க என்ன மாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நானா? கோடாலி."

1960களின் தொடக்கத்தில் எனக்குத் தலவாக்கலைப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். அப்பா இல்லாததால் அம்மா விறகு மாமாவைத் துணைக்கு அழைத்தார்.

"அண்ணே, அங்க வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தீங்க, எம்மவனுக்குக் கல்யாணமே நடக்காது."

மாமா வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அவர் வாய் அடைத்தது சரி. அங்கே போனதும் என் வாயும் தானாகவே அடைத்துக்கொண்டது. பெண்ணின் அப்பா மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் நான் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்தேன். உள்ளே பெண் தன் அக்காவோடு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தது இங்கே வரை கேட்டது.

"என்னங்க, மாப்பிள்ள ஊமையா? எம்மவ ஒரு நிமிஷம் பேசாம இருக்க மாட்டா. இது சரிப்படாதுங்க" என்று அவர் எழுந்து, நாங்கள் கொண்டுபோன வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கமே நகர்த்தினார்.

விறகு மாமா வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊமையில்லீங்க, வாட்டில் மரங்க. ஒங்க மக கொண்டக்குருவி."

"எம்மவளக் குருவிங்கிறியா?"

"கோவிக்காதீங்க. குருவி நாள்பூராப் பேசும், வாட்டில் வாயே தொறக்காது. குருவி ஒரு எடத்துல நிக்காது, இது நட்ட எடத்த விட்டு நகராது. தலையில மட்டும் ரெண்டுக்கும் அழகு. அதுக்குக் கொண்ட, இதுக்கு மஞ்சப்பூ. ரெண்டும் குருவியா இருந்தா யாருங்க கேக்குறது? கேக்க ஒரு மரம் வேணும்ல?"

உள்ளே பேச்சு நின்றது. கதவிடுக்கிலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"வாட்டில் பெருங்காத்துக்குச் சாஞ்சிருமே மாமா?"

மரம் வெட்டுகிறவருக்குத் தெரியாதா? வாட்டிலுக்கு வேர் ஆழமில்லை. விறகு மாமா மடியிலிருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

"சாய மாட்டேன்" என்றேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம். தட்டு மெதுவாக அந்தப் பக்கம் போனது.

கல்யாணத்துக்குப் பிறகு, எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த வாட்டில்களை எல்லாம் மாமா வெட்டினார். ஒன்று மட்டும் நின்றது.

"அத ஏன்யா விட்ட?" என்று கண்டாக்கையா சத்தம் போட்டார்.

"அது மாப்பிள்ளைங்கய்யா."

மறுபடியும் ஒரு வாரம் கான் வெட்டு.

மாமா போய்ப் பல வருடமாகிறது. அவள் இன்னும் பேசுகிறாள், நான் கேட்கிறேன். அவர் சொன்னதில் தவறாகப் போனது ஒன்றுதான்: தன்னைக் கோடாலி என்று சொல்லிக்கொண்டது.