கார்வெல் அணிக்குப் பதினொன்றாம் இடம்

நடந்து முடிந்த ஆட்டத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். இரண்டு கண்ணும் ஒரு பேனாவும் இருந்தால் போதும். இன்னும் நடக்காத ஆட்டத்தைப் பற்றி, அதை ஆடப்போகிறவர்களின் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டுமென்றால் பயிற்சி வேண்டும், ஒழுக்கம் வேண்டும், பெயர் மெர்ல் ஸ்டாட்லர் என்று இருக்க வேண்டும். கிழக்கு நெப்ராஸ்காவில் இந்த மூன்றும் ஒருங்கே அமைந்தவன் நான் ஒருவனே.

'பெருவெளி எட்டு' என்னும் கல்லூரிக் கூட்டமைப்பின் பெண்கள் கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்கும். எந்த அணி முதலிடம் வரும், எது கடைசியாக வரும் என்று வரிசைப்படுத்தும் என் 'முன்னோட்டம்' அக்டோபர் நடுவிலேயே எங்கள் பத்திரிகையில் வந்துவிடும். பத்தொன்பது ஆண்டுகளாக இது தவறியதில்லை. பெருவெளி எட்டில் மொத்தம் பதினோரு கல்லூரிகள். அவற்றில் ஒன்று பெருவெளியில் இல்லை, மலைமேல் இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டிய ஓர் இளம் நிருபர் இப்போது வேறு ஊரில் தோட்டக்கலைப் பகுதி எழுதுகிறார் என்று கேள்வி.

என் முறையில் மர்மம் ஏதுமில்லை. ஒவ்வோர் அணிக்கும் ஒரு படிவம், அதில் மூன்று கட்டங்கள்: போனவர்கள், வந்தவர்கள், வந்தவர்களின் உயரம். இந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவிக்கொண்டே இருப்பதால் கட்டங்கள் தாமாக நிரம்பிவிடும். நிறையப் பேர் வந்திருந்தால் 'புது ரத்தம்'. நிறையப் பேர் போயிருந்தால் 'புதுப்பாதை'. இரண்டும் சேர்ந்தால் முதலிடம்.

என் முன்னோட்டத்தைச் சரிபார்க்க இன்னொரு கருவியும் உண்டு. பதினோரு பயிற்சியாளர்களும் வாக்களிக்கும் 'முன்பருவக் கணிப்பு'. அவர்கள் வேலை மிகுந்தவர்கள், வாக்குச்சீட்டை உதவியாளரிடம் கொடுத்துவிடுவார்கள். உதவியாளர்களும் வேலை மிகுந்தவர்கள், என் கட்டுரையைத் திறந்து பார்த்து நிரப்பிவிடுவார்கள். ஒரு வருடம் கைதவறி டெக்கர் ஸ்டேட் அணியை மூன்றாம் இடத்திலும் ஏழாம் இடத்திலும் போட்டுவிட்டேன். பயிற்சியாளர்களின் கருத்தும் அதுவாகவே இருந்தது. தனித்தனியான இரண்டு ஆதாரங்கள் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவதைத்தான் அறிவியல் என்கிறோம்.

சென்ற அக்டோபரில் ஒமாஹா நகரின் ஒரு ஹோட்டல் கூடத்தில் 'பத்திரிகையாளர் தினம்' வழக்கம்போல் நடந்தது. பயிற்சியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறி, இந்த வருடத்துப் பெண்கள் தனிரகம் என்றார்கள். ஒவ்வோர் ஆட்டமாகப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். கீழே நாங்கள் சில்லி என்னும் இறைச்சிக் குழம்பில் இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்றபடி குறிப்பெடுத்தோம். டெக்கர் ஸ்டேட்டில் ஒன்பது பேர் போய்ப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். அதன் பயிற்சியாளர், தம் அணி ஒரு குடும்பம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு, குடும்பத்தினரின் பெயரைத் தாளைப் பார்த்து வாசித்தார். மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்த அவருடைய இரண்டு ஆட்டக்காரிகள் அப்போதுதான் கைகுலுக்கி ஒருவருக்கொருவர் அறிமுகமானார்கள். நான் உடனே முதலிடம் என்று குறித்துக்கொண்டேன்.

கடைசியாகக் கார்வெல் கல்லூரியின் பயிற்சியாளர் ஆர்டிஸ் கோல்பெக் ஏறினார். ஐம்பது தாண்டிய, குரலை உயர்த்தத் தேவைப்படாத பெண்மணி. சென்ற வருடம் அவருடைய அணி நான்காம் இடம்.

“எங்க பொண்ணுங்க யாரும் போகல. புதுசா யாரும் வரவும் இல்ல. அதே அஞ்சு பேருதான் ஆடப்போறாங்க,” என்றார். “மூணாவது வருஷமா ஒண்ணாவே ஆடுறாங்க.”

கூடத்தில் யாரோ கரண்டியைக் கீழே வைத்தார். கூட்டமைப்பின் தலைவர் அவரிடம் போய்த் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். என் படிவத்தில் மூன்று கட்டங்களும் வெறுமையாக இருந்தன. வெறுமையான படிவத்துக்கு உரிய இடம் பதினொன்று. இதில் எனக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை.

முன்னோட்டம் அச்சுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு ஆர்டிஸ் பிளம் பழம் வைத்த கோலாச்சி ரொட்டி ஒரு பெட்டியுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பத்திரிகை தர்மம் கருதி நான் மூன்றுக்குமேல் தின்னவில்லை. அவர் வந்த காரியம் இதுதான். கார்வெல் கல்லூரியின் தலைவர் டாக்டர் கென்ட் ப்ளம்லி, எல்லாவற்றையும் 'தரவின்படி' தீர்மானிப்பவர். முன்பருவக் கணிப்பில் கடைசியாக வரும் அணிக்குத் 'திட்டமிட்ட ஓய்வு' அளிப்பது என்று ஆட்சிக்குழுவில் தீர்மானம் தயாராக இருந்தது. கூடைப்பந்து அரங்கம் 'புத்தாக்க முற்றம்' ஆகும். உட்கார்ந்து யோசிப்பதற்கு மெத்தென்ற மூட்டைகள்கூட வந்து இறங்கிவிட்டனவாம்.

“பத்தாவதுன்னு போட்டாக்கூடப் போதும் மெர்ல். மத்ததப் பொண்ணுங்க பாத்துக்குவாங்க,” என்றார் ஆர்டிஸ்.

“கேட்டுப் போடுறதுக்கு இது பாட்டு நிகழ்ச்சி இல்லையே, கோச்.”

“அப்ப கேக்கல. ஒரு நாள் வந்து பயிற்சியப் பாருய்யா. நாலு மணிக்கு ஆரம்பிச்சு ஆறுக்கு முடிஞ்சுடும். வாசல்ல நின்னு பாத்தாலே போதும்.”

“பாத்துட்டா அப்புறம் எப்பிடி நடுநிலையா எழுதுறது?”

“பாக்காம எழுதுறதுக்குப் பேரு நடுநிலையா?”

“பதினோரு அணியவும் பாக்காமத்தான் எழுதுறேன். ஒருத்தருக்கும் ஓரவஞ்சன பண்ணல.”

அவர் கோலாச்சிப் பெட்டியை மூடிவைத்தார். பிறகு, பிரிட்டா நோவாட்னி என்ற பெண்ணுக்கு இது நான்காம் வருடம், கடைசி வருடம் என்றார். பந்தை எடுத்துப் போய் ஆட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். மற்ற நால்வரும் அடுத்த வருடம் வேறு கல்லூரி பார்த்துக்கொள்ளலாம், இவளுக்கு அடுத்த வருடம் என்று ஒன்றில்லை என்றார். மூன்று கல்லூரிகள் கூப்பிட்டும் அவள் போகவில்லையாம். அவள் போயிருந்தால் 'போனவர்கள்' கட்டத்தில் ஒரு பெயராவது இருந்திருக்குமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

முன்னோட்டம் வெளிவந்தது. டெக்கர் ஸ்டேட்டுக்கு முந்நூறு வார்த்தை, கார்வெலுக்கு ஒரே வாக்கியம்: 'இந்த அணியில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.' நான்கு நாள் கழித்துப் பயிற்சியாளர்களின் கணிப்பும் வந்தது. கார்வெலுக்குப் பதினொன்று. தன் அணிக்குத் தானே வாக்களிக்கக்கூடாது என்பது விதி என்பதால் ஆர்டிஸால் அதைக்கூடத் தடுக்க முடியவில்லை.

அதற்கு மறுநாள் டாக்டர் ப்ளம்லியே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கல்வித்துறையில் இப்படியொரு பண்பாளரைக் காண்பது அரிது.

“ரொம்ப நன்றி, மிஸ்டர் ஸ்டாட்லர். உங்க கட்டுரையும் பயிற்சியாளர்கள் கணிப்பும் கச்சிதமா ஒத்துப்போகுது. ரெண்டு தனித்தனி ஆதாரம் இருக்கறப்ப ஆட்சிக்குழுவுல யாரும் வாய் தொறக்க முடியாது.”

அரங்கம் உங்கள் அலுவலகத்திலிருந்து எத்தனை தூரம் என்று சும்மா கேட்டுவைத்தேன். எதிர்வரிசைதான், ஜன்னலைத் திறந்தால் பந்து தட்டும் சத்தம் கேட்கும், அதனால் மூடியே வைத்திருக்கிறேன் என்றார்.

“ஒரு தரம் எட்டிப் பாத்திருக்கலாமே, டாக்டர்?”

“நான் படிச்சவன். கண்ணால பாத்தத வச்சு முடிவெடுக்க மாட்டேன்.”

இந்த இடத்தில் நான் ஒன்றை அவருக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டு ஆதாரங்கள் இல்லை ஐயா, ஒன்றுதான். இரண்டாவது முதலாவதைப் பார்த்து எழுதியது என்று. நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் அவர் அப்போது என்னை 'இந்த வட்டாரத்தின் மனசாட்சி' என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் பேசும்போது குறுக்கிடுவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் ஆட்சிக்குழு கூடிக் கார்வெல் அணிக்கு ஓய்வளித்தது. ஆட்டங்களை ரத்துசெய்து எல்லாக் கல்லூரிகளுக்கும் கடிதம் போயிற்று. ஆனால் பருவத்துக்கு முந்தைய சனிக்கிழமை டெக்கர் ஸ்டேட்டுடன் ஒரு 'காட்சி ஆட்டம்' பேசியிருந்தார்கள். அதை ரத்துசெய்ய மறந்துவிட்டார்கள். ரத்துசெய்ய வேண்டிய அலுவலருக்கும் அதே கூட்டத்தில் ஓய்வளித்திருந்தார்கள்.

டெக்கர் ஸ்டேட் அரங்கில் நான்காயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலிடம் பெறப்போகும் அணியைப் பார்க்க நானும் போயிருந்தேன். பத்திரிகையாளர்களுக்கு அன்று இரவுணவு உண்டு. மாதாகோயில் வேனை ஆர்டிஸே ஓட்டிக்கொண்டு வந்தார். கார்வெல் சீருடைகள் புத்தாக்க முற்றத்தில் அலங்காரத்துக்காகக் கண்ணாடிக்குள் போய்விட்டதால், ஐவரும் தங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் பனியன்களில் வந்தார்கள். முதுகில் நாடா ஒட்டி எண் போட்டிருந்தார்கள். முன்புறத்தில், ஞாயிறு காலை பான்கேக் விருந்துக்கு வருமாறு ஊராருக்கு அழைப்பு இருந்தது. அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு ஆட்டம் தொடங்கியது. பிரிட்டா நோவாட்னி இடதுபக்கம் பார்த்துக்கொண்டு பந்தை வலதுபக்கம் வீசினாள். அங்கே யாரும் இல்லை. நான் குறிப்பேட்டில் 'தவறு' என்று எழுதி முடிப்பதற்குள் அங்கே ஒருத்தி வந்து சேர்ந்து, பந்தை வாங்கிக் கூடைக்குள் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். இப்படியே நாற்பது நிமிடம். அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடவே இல்லை. டெக்கர் பெண்களோ, “ஏய் ஆறு நம்பர்”, “அந்த நெட்டச்சி, உன்னத்தான்” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். லாட்வியாவிலிருந்து வந்த ஆறடி ஐந்தங்குலப் பெண் ஒருமுறை பிரிட்டாவிடமே பந்தைக் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டாள். கார்வெல் எண்பத்தொன்று, டெக்கர் ஸ்டேட் ஐம்பத்திரண்டு.

பத்தொன்பது ஆண்டுகளில் இப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. எதிரணியின் ஊர்க்காரர்கள் நான்காயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டிக்கொண்டிருந்த கைகளில் என்னுடையதும் இருப்பதைக் கவனித்து, நடுநிலை கருதி நிறுத்திக்கொண்டேன்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே நடைவழியில் பிரிட்டா நோவாட்னி முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் அவள் முகத்தை முதல்முறையாகப் பக்கத்தில் பார்க்கிறேன்.

“நீங்கதான் ஸ்டாட்லர் சாரா? எங்களக் கடைசின்னு எதப் பாத்து எழுதுனீங்க?”

பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. “எதையும் பாக்கலம்மா,” என்றேன்.

“இன்னிக்குப் பாத்தீங்கல்ல. ஒரு திருத்தம் போடுங்க சார். திங்கக்கிழம கோச் மறுபடியும் ஆட்சிக்குழுவுகிட்டப் போறாங்க. கையில வச்சுக் காட்ட ஏதாவது வேணும்.”

“நடந்த விஷயத்துல தப்பு இருந்தா திருத்தம் போடலாம். நான் எழுதுனது நடக்கப்போற விஷயம். அது இன்னும் நடக்கலியே.”

“நடந்ததுக்கப்புறம் போடுவீங்களா?”

“நடந்ததுக்கப்புறம் அது சரியாத்தான் இருக்கும்.”

அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முழங்கால் ஐஸை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். “இது கடைசி ஆட்டம்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் இழுத்திருப்பேன்,” என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தாள்.

காட்சி ஆட்டங்கள் கணக்கில் சேரா என்பது கூட்டமைப்பின் விதி, பன்னிரண்டாம் பிரிவு. ஆகவே அந்த எண்பத்தொன்று எந்தப் பதிவிலும் இல்லை. திங்கட்கிழமை ஆர்டிஸ் வெறுங்கையுடன் ஆட்சிக்குழுவின் முன் நின்றார். பார்த்ததைச் சொல்ல வேண்டாம், தரவு இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்களாம். அன்று எங்கள் பத்திரிகையில் டெக்கர் ஸ்டேட்டின் இரவுணவு பற்றி ஒரு நல்ல கட்டுரை வந்திருந்தது. எழுதியது நான்தான்.

மார்ச்சில் பருவம் முடிந்து இறுதிப்பட்டியல் வந்தது. பட்டியலின் அடியில், பதினொன்றாம் இடத்தில் கார்வெல். வெற்றி பூஜ்யம், தோல்வி பூஜ்யம். ஒமாஹாவில் அதே ஹோட்டல் கூடத்தில், மிகத் துல்லியமான முன்னோட்டத்துக்கான கேடயத்தைக் கூட்டமைப்புத் தலைவர் என்னிடம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். டாக்டர் ப்ளம்லி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நானும் எழுந்து நன்றி சொல்லி, பட்டியலில் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். கார்வெல் பெண்களை இந்தப் பருவம் முழுவதும் ஒருவராலும் தோற்கடிக்க முடியவில்லை. என்னால் முடிந்தது.