தீர்ப்புக்கு முன் ஒரு தே தாரிக்

கிள்ளான் பள்ளத்தாக்கில் கியர்பாக்ஸ் பாகவதரைப் போல் சங்கீதம் அறிந்தவர் கிடையாது. அவரைப் போல் அதை வதைத்தவரும் கிடையாது. கிள்ளானில் லோரி பழுது பார்ப்பவர். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது தொண்டை ஒருமுறை ‘கடக்’ என்று இடறும். அதனால்தான் அந்தப் பெயர். பார்க்கிங் சம்மனைத் தோடியில் பாடுவார். ரொட்டி சானாய்க் கடையின் விலைப்பட்டியலை ராகமாலிகையாகவே பாடுவார். தாளத்துக்கு மடியில் ஒரு காலி பிஸ்கட் டின்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். செலாயாங் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கினேன். இன்று பதினெட்டு லோரிக்கு முதலாளி. பிரிக்பீல்ட்ஸில் கடையும் என்னுடையது, அதன் மாடியும் என்னுடையது. அந்த மாடியை ஞாயிறுதோறும் தமிழறிஞர்கள் விவாதம் நடத்த விட்டேன். இடம் கொடுத்தவன் என்று என்னையே தலைவராக்கி நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு வருடம் தலையாட்டியே ஓட்டினேன். அதற்கும் திறமை வேண்டும், படித்தவர்களால் ஆகாது.

விவாதம் சூடேறினால், அங்கே தவறாமல் வரும் பாகவதர் பத்து நிமிடம் பாடுவார். எல்லோரும் சிரித்துத் தணிந்து, மறுபடியும் அடித்துக்கொள்ளத் தெம்பு பெறுவார்கள்.

ஒரு ஞாயிறு, பண்டைத் தமிழர் யாழுக்கு நரம்பு எத்தனை என்று பேச்சு. ஏழு என்றார் பேராசிரியர். பதினான்கு என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்றாவது வாரமாக இதே சண்டை.

“ஐயா, நீங்க பாத்தது வெறும் உரை. நான் மூலத்தையே பாத்தவன்!” என்றார் பேராசிரியர்.

“நீங்க பாத்தீங்க சரி. அது உங்களைத் திரும்பிப் பாத்துச்சா?”

கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். “தலைவர் தீர்ப்பு சொல்லட்டும். இல்லன்னா இனிமே இந்த மாடிப்படி மிதிக்க மாட்டோம்.”

லோரிக்கு எத்தனை சக்கரம் என்றால் தூக்கத்திலும் சொல்வேன். யாழை நான் கண்ணால் கண்டதில்லை. நாற்பது பேர் என் வாயையே பார்க்கிறார்கள். சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

“தலைவர் கண்டிப்பா சொல்வாரு,” என்று எழுந்தார் பாகவதர். “அதுக்கு முன்னால கல்யாணியில ஒரு பல்லவி.”

‘தே தாரிக் ஒண்ணு, சீனி கொறச்சி’ என்று, கடையில் நுரைக்க ஆற்றிய பால் டீ கேட்பதையே பாட்டாக எடுத்தார். ‘சீனி’யில் ஏறினார்; கடக். ‘கொறச்சி’யில் இறங்க வழி தெரியாமல் அடுத்த ஊரான பெட்டாலிங் ஜெயா வரை போய்த் திரும்பினார். அடித்த அடியில் டின் மூடி பறந்து பேராசிரியர் மடியில் விழுந்தது.

“நிறுத்துய்யா! இதுவா கல்யாணி? இது சங்கராபரணம்!” என்றார் தலைமையாசிரியர்.

“சங்கராபரணமேதான்! சந்தேகமே இல்ல!” என்று குதித்தார் பேராசிரியர்.

மூன்று வாரத்தில் இருவரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். ஒரே கட்சியாகிப் பாகவதரைத் திட்டிக்கொண்டே படியிறங்கிச் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். தீர்ப்பு ஒருவருக்கும் நினைவில்லை.

பாகவதரைத் தனியாகப் பிடித்தேன். “என்னய்யா, கல்யாணிகூடவா தெரியாது?”

“தெரியும்ணே. சங்கராபரணமா ஆகட்டும்னு வேணும்னுதான் மத்திம சுரத்தை மாத்துனேன். அடுத்தவன் தப்பு ஒண்ணு கெடைச்சா போதும்லா, படிச்சவங்க ஒண்ணு சேந்துருவாங்க.” டின்னைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார். “உங்க மொகம் அப்படி வேர்த்து நான் பாத்ததே இல்லண்ணே.”

இன்றுவரை அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. நானாகத்தான் இப்போது எழுதுகிறேன். யாருக்கும் என் கையால் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தவன் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், சீனி குறைத்த தே தாரிக் ஒன்றைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு மாடி ஏறுகிறேன்.