கற்றாழைக்கு நான்காவது டம்ளர்

செடியைப் பட்டினி போட்டுக் கொல்பவர்கள் உண்டு, அவர்களை மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்த இனம் வேறு. அன்பாலேயே கொல்லும் அக்கறைக்காரர்கள். தெருவுக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். மாதிரிக்கு இந்த லிஃப்ட் பரிசோதகரைப் பாருங்கள்.

வேலையில் மனிதர் கெட்டி. கம்பிவடத்தை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அந்தக் கையில்தான், வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பிய மகள் ஒரு தொட்டிக் கற்றாழையை ஒப்படைத்தாள்.

"பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ தண்ணி ஊத்துங்கப்பா, போதும். மத்தபடி அத அதும்பாட்டுக்கு விட்டுடுங்க. நான் வரும்போது உயிரோட இருக்கணும்."

விடுவதா? அவர் எதை விட்டிருக்கிறார்? எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், வெயில் ஏறினால் பாவமே என்று இன்னொன்று, இலையைத் துடைக்கிற சாக்கில் மூன்றாவது. அப்புறம் வேர் பிடித்ததா என்று சந்தேகம் வந்து, வடத்தை இழுக்கிற அதே கையால் செடியைப் பிடுங்கிப் பார்த்து, பிடிக்கவில்லை என்று கண்டு மனம் நொந்து, திரும்ப நட்டு, ஆறுதலுக்கு நான்காவது டம்ளர். நடுநடுவே மகளுக்கு போன்: எழுந்தாயா, சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா? அவள் எடுக்காவிட்டால் அவளுடைய மேலாளருக்கே போன்.

ஒரே மாதத்தில் கற்றாழை அடியோடு அழுகியது. மகள் வர இன்னும் ஆறு வாரம்தான். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி வந்து, அழுகாமல் தப்பியிருந்த ஒரே ஒரு பக்கக் கன்றைப் பிரித்து, காய்ந்த மணலில் நட்டு, எதிர்வீட்டு ஜன்னலில் கொண்டுபோய் வைத்தாள்.

"இனிமே பாக்கலாம். தொட முடியாது."

ஆறு வாரமும் அவர் டம்ளரும் கையுமாக இந்தப் பக்கத்து ஜன்னலில் நின்றார். கன்றோ, யாரும் கவனிக்காத சந்தோஷத்தில் கொழுத்தது.

மகள் வந்த அன்று தொட்டியும் வீடு திரும்பியது. எப்படி வளர்த்தீர்கள் என்று அவள் அசந்துபோய்க் கேட்டாள்.

"எல்லாம் அக்கறைதாம்மா," என்றார், கூச்சமே இல்லாமல். சொல்லிக்கொண்டே, "வேர் பிடிச்சிருக்கான்னு மட்டும்…" என்று கையை நீட்டினார்.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிடிச்சிருக்குப்பா. எனக்கும் அந்த ஊர்ல வேர் பிடிச்சிருச்சு. மேனேஜருக்கு மட்டும் இனிமே போன் பண்ணாதீங்க."

செடிக்கென்று மறு கையில் வைத்திருந்த டம்ளர் தண்ணீரை அவர் தானே குடித்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்து முடிப்பதற்குள், பிள்ளை போய்ச் சேர்ந்ததா என்று எத்தனை தரம் போனை எடுத்துப் பார்த்தீர்கள்? முதலில் அதைக் கீழே வையுங்கள்.