வைர ஊசி

1983 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி இந்த வீட்டில் என் பேச்சுதான் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்று சாயங்காலமே என் ரெக்கார்டு பிளேயர் செத்துப்போனது.

தாலுகா ஆபீசில் தாசில்தார் பேசுவார், நான் கேட்பேன். வீட்டில் ரேணுகாம்பாள் பேசுவாள், நான் கேட்பேன். நானாக ஆசைப்பட்டுக் கேட்பது அந்தப் பிளேயர் ஒன்றைத்தான். அதுவும் கரகரவென்று இருமிவிட்டு ஊமையாகிப் போனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மழை வேறு. மலை மேகத்துக்குள் போய் மூன்று நாளாகியிருந்தது.

தேரடித் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜானி பாஷா, பிளேயரின் கையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஊசி தேஞ்சு போச்சு சார். அது மாட்டியிருக்கிற கார்ட்ரிட்ஜும் காலி. மெட்ராஸ்லேர்ந்துதான் வரவழைக்கணும். நீலக்கல் ஊசி வெச்சது ஒண்ணு, வைர ஊசி வெச்சது ஒண்ணு. நீலம் வெலை கம்மி, சீக்கிரம் தேஞ்சுடும். வைரம் ஜாஸ்தி, உங்க ஆயுசுக்கும் வரும்."

என் ஆயுசைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நீலமே போதும் என்று தோன்றியது. இருந்தாலும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டேன். என் பேச்சு நடக்கும் என்றுதான் முடிவு செய்திருந்தேன். அவளைக் கேட்காமல் பேசுவதாக முடிவு செய்யவில்லை.

"நீலமா? உங்களுக்கு ஏழரை நடக்குது. நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காதுங்க."

"ஊசி முனையில தூசி மாதிரி இருக்கிற கல்லு, ரேணுகா."

"தூசியா இருந்தா இன்னா, நீலம் நீலந்தான். வைரமே சொல்லிடுங்க."

கல்யாணத்தன்று நான் வாய் தவறிச் சொன்ன வைர மூக்குத்தியைப் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள். அவள் வாயாலேயே பிளேயருக்கு வைரம் சொல்கிறாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சனி எங்கோ உட்கார்ந்து சிரித்திருப்பான்.

தீபத்துக்கு ஐந்து நாள் முன்னால் ஆபீசிலிருந்து திரும்பினால், வாசலில் பக்கத்து வீட்டு வேதா.

"அண்ணா, வைரம் வந்துடுச்சாமே. பாஷா பாய் சைக்கிள்ல போறப்ப கத்திட்டுப் போனாரு, தெருவே கேட்டுச்சு. எங்க வூட்டுக்காரரும் இருக்காரு, கண்ணாடி வளையலுக்கே வழியில்ல."

"அது மூக்குத்தி இல்லம்மா."

"அப்ப தோடா?"

உள்ளே ஓடினேன்.

"ஊசினு அவங்ககிட்ட நீ சொல்லலையா ரேணுகா?"

"எங்கிட்ட யாருங்க கேட்டாங்க? வாழ்த்துனாங்க, வாங்கிக்கிட்டேன்."

"இப்பவாவது போய்ச் சொல்லு."

"சொல்றேங்க. ஆனா கீழ்பென்னாத்தூர் பஸ் கண்டக்டர்கிட்ட எங்கண்ணனுக்குச் சேதி சொல்லி அனுப்பிட்டேன். தீபத்துக்குக் குடும்பத்தோட வர்றாரு, வைரத்தப் பாக்க. நீங்களே அந்த ஊசியக் காட்டி, 'உங்க தங்கச்சிக்கு இல்ல, பொட்டிக்குத்தான் வாங்கினேன்'னு சொல்லிடுங்க."

அவள் அண்ணன் சகாதேவன் நெல் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிறவர்.

மறுநாள் பிளேயரைப் புதுக் கார்ட்ரிட்ஜோடு பாஷாவிடமே விற்கக் கொடுத்தேன். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் வாங்கிக்கொண்டார். போதாததற்கு என் கைக்கடிகாரமும் போயிற்று. எள்ளளவு கல்லோடு மூக்குத்தி வந்தது. எனக்கு இசைத்தட்டுகள் மட்டும் மிஞ்சின. இனி என் வீட்டில் சத்தம் போடும் தட்டு சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான்.

"ஏன் பாய், ஊசினு சொல்லக் கூடாதா? வைரம்னா தெருவெல்லாம் கத்துவீங்க?" என்று பாஷாவிடம் புலம்பினேன்.

"உங்க வீட்டம்மாதான் சார் முன்னாடியே சொல்லி வெச்சாங்க. 'ஊசி வந்துடுச்சுனு கத்தாதீங்க பாய், யாருக்கு இன்னா நோயோனு தெரு பயந்துடும். வைரம்னு மட்டும் நல்லா சத்தமா சொல்லுங்க'ன்னாங்க."

தீபத்தன்று ஊரே மலை உச்சியைப் பார்த்தது. சகாதேவன் மட்டும் தங்கையின் மூக்கைப் பார்த்துக் கண் கலங்கினார். நான் அவள் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னேன்.

"தங்க ஊசினு கண்ணுல குத்திக்கக் கூடாதும்பாங்க. நான் வைர ஊசியில குத்திக்கிட்டேன் ரேணுகா."

"எடம் தெரியாம குத்திக்கிட்டீங்க," என்றாள். "மூக்குல குத்திக்கணும்."