லிஃப்ட் மோட்டாருக்கு மூன்று நெட்வொர்க்

நியாயம் இவ்வுலகில் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அது பெய்ரூட்டின் 'நஜ்மா' கட்டிட நிர்வாகக் குழுவில்தான் குடியிருக்கிறது. ஆறாம் மாடி நதீம் அதை நேரில் கண்டவன்.

லிஃப்ட் செத்து மாதக்கணக்காகிறது. அவன் மனைவி ருலாவுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. ஆப்பிரிக்காவில், அபிஜானில் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் புது மோட்டாருக்குப் பணம் தருவதாகச் சொன்னான். பேங்க்குகள் ஊர் சேமிப்பையெல்லாம் முடக்கியதிலிருந்து, அவற்றை நம்புகிற பைத்தியம் யாருக்கும் இல்லை. டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம்தான், போன் வழியாக. அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: எந்த நெட்வொர்க்கில் அனுப்ப? ஒரே நாணயம் பல நெட்வொர்க்குகளில் போகும்; வாங்குகிறவர் ஏற்காத நெட்வொர்க்கில் அனுப்பினால் காசு போனதுதான்.

லிஃப்ட் பொதுச் சொத்து; ஆகவே கேள்வியும் பொதுச் சொத்து என்று குழு கூடிவிட்டது.

"மோட்டார் வியாபாரி பாலிகன்ல மட்டும்தான் வாங்குவாராம்," என்றான் நதீம்.

"அது வியாபாரியோட அபிப்பிராயம் ஹபீபி," என்று காபியை உறிஞ்சினார் தலைவர் வஹீப். "குழு இன்னும் விவாதிக்கவே இல்லையே!"

கிறிஸ்தவர்கள் சார்பில் அந்த்வான் எத்தீரியத்தை முன்மொழிந்தார். அதில் கட்டணம் கூடுதல். ஆகவே மரியாதையும் கூடுதல். ஷியாக்கள் சார்பில் ஹைதர் ஆர்பிட்ரத்துக்குக் கொடி பிடித்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது. அதற்காக வெறுங்கையோடு எழுந்து போக முடியுமா? மிச்சமிருந்த பாலிகனை சன்னிகளின் பங்காக வஹீப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொண்டார்.

"என்னண்ணே இது! காசு போற பாதையக் கேட்டா, நம்ம பார்லிமென்ட் சீட்டு மாதிரி மதவாரியாப் பங்கு போடுறீங்க?" என்று கத்தினான் நதீம்.

"கத்தாத தம்பி," என்றார் ஹைதர். "ஒருத்தருக்கே எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துத்தான் இந்த நாடு உருப்படாமப் போச்சு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: பணம் மூன்று சம பங்கு, மூன்று நெட்வொர்க், வியாபாரியின் ஒரே முகவரி. 'சமநிலை' காக்கப்பட்டது.

"உங்க பில்டிங்ல எல்லாருக்கும் மறை கழண்டுடுச்சா மாப்ள?" என்றான் அபிஜான் மைத்துனன். தீர்மானத்தை மீறி வரும் மோட்டாரை லிஃப்ட் பக்கமே விடமாட்டோம் என்று குழு சொல்லிவிட்டதால், திட்டிக்கொண்டே அனுப்பினான்.

பாலிகனில் போன பங்கு வியாபாரிக்குக் கிடைத்தது. மற்ற இரண்டும் அவர் கணக்கு ஏற்காத வழியில் போய் முடங்கின; மீட்க முடியாது என்று அந்தக் கணக்கை நடத்தும் கம்பெனி கையை விரித்துவிட்டது. வியாபாரி நாணயஸ்தர். வந்த காசுக்கு மோட்டாரின் மூடியை அனுப்பிவைத்தார்.

அந்த வாரமே ருலாவுக்கு வலி கண்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில், மூன்றாம் மாடிப் படிக்கட்டில், பெண் குழந்தை பிறந்தது. குழந்தை அழும்வரை நதீமுக்கு உயிரே இல்லை.

தாயும் சேயும் வீடு திரும்பியதும், குழு மூச்சிரைக்க ஆறு மாடி ஏறி வாழ்த்த வந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் கொடுக்கும் இனிப்பான, பாதாம் தூவிய முக்லிக் கிண்ணத்தை ஆளுக்கொன்றாகக் கையில் வாங்கிக்கொண்டது.

"பாத்தியாம்மா," என்று நெகிழ்ந்தார் வஹீப், "குழந்தைகூட எந்தப் பக்கமும் சாயாம நட்டநடு மாடியில பொறந்திருக்கு!"

ருலா குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"பேங்க் நம்ம காசை முழுங்கினப்போ, திருடன்னு திட்டவாவது ஒருத்தன் இருந்தான். நீங்க அதுக்கும் வழி வைக்கல. எல்லாருக்கும் நியாயமா நடந்தே எங்களைக் கொல்லப் பாத்தீங்களே!"