ஒன்பதடிக் கல்வெட்டு

நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்து உதவியாளருக்கு ஆண்டுக்கு ஒரு பெரிய வேலை உண்டு. உறுப்பினர் ஆற்றிய அரும்பணிகளைத் தொகுத்துச் சாதனை மலர் எழுத வேண்டும். செய்யாததை எழுதுவது சுலபம். அதை அறுபத்து நாலு பக்கத்துக்கு இழுப்பதில்தான் மனுஷனுக்கு மூச்சு முட்டும்.

அன்று அவர் ‘மக்கள் சந்திப்பு’ என்ற பக்கத்துக்கு எண்ணிக்கை தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா முழங்கால்வரை சேற்றோடு உள்ளே வந்தாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஏழடி அகலச் சாக்கடைக் கால்வாய். மேலே ஒற்றைப் பலகை. பலகைக்கும் அவளுக்கும் அன்று ஒத்துப்போகவில்லை.

“டேய், பாலம் என்னடா ஆச்சு? பதினோராவது தடவையா மனு கொடுக்கிறேன். நேத்து ஒரு பிள்ளைத்தாச்சியை நாலு பேர் தூக்கிட்டுத் தாண்டினாங்க. கை நழுவியிருந்தா?”

“பதினொண்ணா? ரொம்ப நன்றிக்கா” என்று தம்பி குறித்துக்கொண்டார்: மக்கள் சந்திப்பு, பதினொன்று.

எழுதி முடித்த பிறகுதான் பார்த்தார், அக்காவின் காலில் ஒரு செருப்பைக் காணோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. மனுவை எடுத்துக்கொண்டு உறுப்பினரின் அறைக்குப் போனார்.

மனுவைப் படித்த உறுப்பினர் முகம் மலர்ந்தார். “இந்தப் பாலத்தைப் பத்தி நான் சபையிலயே கேள்வி கேட்டுட்டேனே!”

“என்ன பதில் வந்துதுங்கய்யா?”

“பரிசீலனையில் உள்ளதுன்னு. எவ்வளவு பெரிய விஷயம்! ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? அந்த இடத்துல ஒரு கல்வெட்டு வெச்சிடு. நானே வந்து திறக்கிறேன்.”

“பாலத்துக்குக் கல்வெட்டுங்களா?”

“கேள்விக்குய்யா! இல்லாத பாலத்துக்குக் கல்வெட்டு வெச்சா சிரிக்க மாட்டாங்களா?”

உதவியாளர் கல்தச்சரிடம் போனார்.

“எத்தனை அடி?” என்றார் தச்சர்.

உதவியாளர் கண்ணை மூடிக் கால்வாயை நினைத்துப் பார்த்தார். “ஒன்பதடி நீளம். கனம் அரையடி.”

“விஷயம் ரெண்டு வரிதானே?”

“மீதிக்குப் பட்டம் தர்றேன்.”

‘மக்கள் மனச்சுடர், மேம்பாட்டு மாமணி, கேள்விக் கொண்டல், பரிசீலனைப் பேரொளி’ என்று அன்று மாலைக்குள் இருபத்தொரு பட்டங்கள் பிறந்தன. பட்டியலைப் பார்த்த உறுப்பினருக்குக் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு பட்டமா எனக்கு?”

“ஜனங்க மனசுல இருந்துதுங்கய்யா. நான் எழுதித்தான் வெச்சேன்.”

திறப்பு விழா விமரிசையாக நடந்தது. உறுப்பினர் திரையை விலக்கினார், ஜனங்கள் கைதட்டினார்கள், அவர் காரில் ஏறினார். கார் தெருமுனை திரும்பியதும் பன்னிரண்டு பேர் சேர்ந்து கல்லைக் குப்புறச் சாய்த்துக் கால்வாய்மேல் போட்டார்கள். அக்கரையில் ஓரடி, இக்கரையில் ஓரடி, அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் உட்கார்ந்தது. முதல் ஆளாக அக்கா நடந்து போனாள். உதவியாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் உறுப்பினர் பறந்து வந்தார். “என் பேரையா மிதிக்கிறீங்க?”

“ஐயோ, பேர் கீழ்ப்பக்கம் இருக்குங்க. ஒரு தூசு படாது” என்றார் கல்லைச் சாய்த்தவர்களில் ஒருவரான தெருத் தையல்காரர்.

“அப்ப என் பேர் இருக்கிறது யாருக்கய்யா தெரியும்?”

நியாயமான கேள்வி. எல்லாரும் உதவியாளரைப் பார்த்தார்கள்.

“கீழே பேர் இருக்குன்னு சொல்ல, பக்கத்துலயே இன்னொரு கல் நட்டுடலாங்கய்யா” என்றார் அவர்.

நட்டார்கள். ஒரே வாரத்தில் அது அடுத்த தெருக் கால்வாயில் படுத்துக்கொண்டது. அதைச் சொல்ல மூன்றாவது கல். ஆண்டு முடிவதற்குள் பதினான்கு. ‘மக்கள் பங்களிப்புடன் பதினான்கு பாலங்கள்’ என்று சாதனை மலர் முதல் தடவையாக ஓர் உண்மையை அச்சடித்தது. அச்சகத்தார் பிழை என்று நினைத்துப் போன் செய்து கேட்டார்கள்.

தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற பொறியாளர். கைப்பிடி வைத்த, வண்டி போகிற பாலத்துக்கான வரைபடத்தோடு வீடு வீடாக வந்தார். அக்கா அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேட்டு அனுப்பினாள்.

“நல்ல மனுஷன்டா” என்றாள் தம்பியிடம்.

“அப்ப அவருக்குத்தானே ஓட்டு?”

அக்கா பொறியாளரின் நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பேரே மூணெழுத்து. பட்டம்னு ஒண்ணுகூட இல்ல. அவர் கல்வெட்டு ஏழடிக் கால்வாய்க்கு எங்கடா எட்டும்?”

தெருவே அவள் சொன்னதை ஆமோதித்தது.