சாவிக்காரர் வீட்டுத் துணி கிளிப்

இனிமேல் சமையலறைப் பக்கம் தலைவைத்தே படுப்பதில்லை என்று சாவிக்காரர் சபதமெடுத்தது, அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான்.

அந்த மனுஷனைக் குற்றம் சொல்லவும் முடியாது. நாள் முழுக்கக் கடையில் கூன் விழ உட்கார்ந்து பூட்டோடு மல்லுக்கட்டுகிறவர். விடிந்தால் வெங்காயத்தோடு மல்லுக்கட்டு. மனைவிக்கு மூட்டுவாதம். வந்துபோகிற நோயில்லை, கூடவே இருக்கும், பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையைக் கழுவிவிட்டார். ராத்திரிச் சமையல் அவள் பார்த்துக்கொள்வாள். காலையில்தான் விரல் மடங்காது. சில நாள் மடங்கும்.

எந்த நாள் எப்படி என்று தெரிந்துகொள்ள அவளே ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். சமையலறைக் கதவோரம் ஆணியில் ஒரு துணி கிளிப். எழுந்ததும் அமுக்கிப் பார்ப்பாள். திறந்தால் அவள் சமையல், திறக்காவிட்டால் அவர்.

"முடியும்போது படுத்துக்கவும் எனக்குப் பிடிக்கல, முடியாதப்ப முடியும்னு நடிக்கவும் பிடிக்கல. கிளிப் சொல்லட்டும்" என்றாள்.

கிளிப்போ மௌனவிரதம் பூண்டதுபோல் வாயைத் திறப்பதே அபூர்வம்.

ஸ்பிரிங் வேலை சாவிக்காரருக்குக் கைவந்த கலையாயிற்றே. ஒரு சாயங்காலம் அவள் குளிக்கப் போன சமயம், இடுக்கியால் நாலு இழுப்பு இழுத்தார். எறும்பு அமுக்கினால்கூடத் திறக்கிற பதம் வந்தது.

மறுநாள் காலை, "என்னங்க, திறந்துடுச்சு" என்று வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"பாத்தியா, மருந்து வேலை செய்யுது" என்றார் போர்வைக்குள்ளிருந்தே. சொன்ன வாய் கசந்தது. தூக்கம் என்னவோ இனித்தது.

அடுத்த நாளும் தூங்கினார். மூன்றாம் நாள் பாத்திரம் விழுந்த சத்தத்தில் எழுந்துபோய்ப் பார்த்தார். கெட்டிலை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஓடிப்போய்க் கையை நீட்டினார்.

"நீ நகரு, நான் பாத்துக்கறேன்."

"எதுக்கு? அதான் கிளிப் திறந்துச்சே."

"பரவாயில்ல, குடு."

"பேச்சு பேச்சா இருக்கணுங்க. திறந்தா நான்தான்."

உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் அவள் கை போகும். சாவிக்காரர் அன்றைக்குக் கடையிலிருந்து முரட்டு ஸ்பிரிங் ஒன்றைப் பொறுக்கிவந்து, ஓசைப்படாமல் மாட்டிவிட்டார். இனி அது அவள் கைக்கு ஜென்மத்துக்கும் திறக்காது. சமையல் தன் தலையில்தான் விடியும், விடியட்டும் என்று பெருமூச்சு விட்டார்.

காலையில் அவள் கிளிப்பை அமுக்கவில்லை. கழற்றிக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்க அமுக்குங்க."

"நானா? எதுக்கு?"

"சும்மா அமுக்குங்களேன்."

முப்பது வருஷம் பூட்டு திறந்த கை. அமுக்கினார், திறந்தது.

"முதல் நாள் நெஜமாவே சந்தோஷப்பட்டேங்க" என்றாள். "கை சரியாகுதுன்னு நம்பிட்டேன். அப்புறம் பாட்டில் மூடியைத் திருகினேன், அசையல. கிளிப் மட்டும் திறக்குது. சாவிக்காரர் வீட்ல ஸ்பிரிங் தானா தளருமா?"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். "தப்புதான். அலுப்புல புத்தி கெட்டுப்போச்சு. அதான் நேத்தே மாத்திட்டேனே."

"தெரியும், நேத்தே அமுக்கிப் பாத்துட்டேன். அதனாலதான் ராத்திரி உங்களுக்குச் சோறு போட்டேன்." அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "இனிமே என் கை எப்படி இருக்குன்னு என் வாயாலயே சொல்லிக்கறேன். கிளிப் உங்களுக்கு. காலைல நீங்க அமுக்குங்க. திறந்தா நீங்க சமையல்."

"திறக்கலன்னா?"

"உங்களையும் டாக்டர்கிட்ட காட்டணும்."

திறந்த கிளிப்பும் கையுமாக அவர் சமையலறை வாசலில் போய் நின்றார். அவருடைய போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வெங்காயத்தைக் கொஞ்சம் பொடியா நறுக்குங்க."